தாய்மாமனைக் கேட்காத ரத்தம்

என் அக்கா லிகினெட்டியை அடித்தவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம். மீதிப் பேர் என்னிடம் கருவாடு வாங்குகிறவர்கள். சந்தையில் நான் கருவாட்டைக் கூறு கட்டி வைத்ததும் எதிரே வந்து குந்திக்கொண்டு, "இன்னும் ரெண்டு போடேன் தங்கச்சி" என்று பல்லைக் காட்டுவார்கள். நானும் போடுகிறேன். என் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. ஆனால் நீளும் ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்தக் கையில் இருந்தது கல்லா, கட்டையா, மண்வெட்டியா என்று எனக்கு மறக்கவில்லை.

அக்கா ஒன்றும் சாது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டணத்திலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் அவளை ஏதோ வாயில்லாப் பிராணி மாதிரி எழுதினார்களாம். அவளுக்கு வாய் இருந்தது. கையும் இருந்தது.

எங்கள் முலாஞ்சே மலையடிவாரத்தில் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடும் நிலமும் பெண் வழி, பிள்ளைகளும் பெண் வழி. பெற்றவன் பேருக்குத்தான் அப்பன். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதா, காய்ச்சல் வந்தால் எங்கே கொண்டுபோவது, எல்லாம் தாய்மாமன் சொல்ல வேண்டும். எங்கள் அப்பன் சாராயத்தைக் குடித்துவிட்டு அம்மாவின் பல்லை உடைத்த அன்று, மாமா வந்து அவன் பாயைச் சுருட்டி வெளியே எறிந்தார். சிறுமியாக இருந்த அக்கா அவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ஓடையில் வீசிவிட்டு வந்தாள். "அவரு திரும்பி வந்தா என்னக்கா பண்றது?" என்று நான் அழுதேன். "நனைஞ்ச தொப்பியப் போட்டுக்கிட்டு எவன்டி சண்டைக்கு வருவான்?" என்றாள்.

அவளுக்கு வாய்த்த புருஷனும் அதே ரகம். அவன் கை ஓங்கியபோது அவள் மாமா வரட்டும் என்று காத்திருக்கவில்லை. உரலில் கிடந்த உலக்கையை எடுத்து அவன் முழங்காலில் ஒரே போடு. அவன் இன்னும் நொண்டுகிறான் என்று கேள்வி. எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

அவனுக்குப் பிறந்த பெண் பிள்ளை ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதுக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்தது. ஆற்றில் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குக் கடக்க வழியில்லை. அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வெள்ளம் வடிந்தபோது பிள்ளையின் உடம்பு குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவளுக்கு இந்தக் காய்ச்சல் வேலையில் பைத்தியம் பிடித்தது. முதலில் அரசு சுகாதார நிலையத்தில் தொண்டு வேலை. பிறகு பட்டணத்திலிருந்து மலேரியா ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது அவர்களிடம் சேர்ந்துகொண்டாள்.

வேலை என்று பார்த்தால் சின்ன வேலைதான். வீடு வீடாகப் போய், ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சல் கிருமி இருந்தால் மருந்து. இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு சோப்பு, கொஞ்சம் சர்க்கரை. பஞ்ச மாதங்களில், மக்காச்சோளம் இன்னும் கதிர் வைக்காத நேரத்தில், அந்தச் சர்க்கரைக்கு இருந்த மதிப்பை வயிறு நிறைந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அக்கா எந்த வீட்டுப் பிள்ளையையும் தொடுவதற்கு முன்னால் அந்த வீட்டுத் தாய்மாமனைத் தேடிப் போவாள். அவர் பக்கத்து ஊரில் இருந்தாலும் போவாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, கை தட்டி வணங்கி, வந்த விஷயத்தைச் சொல்வாள். மாமன்மார்களுக்கு அதில் ஒரே குஷி. "ஒரு சொட்டுதானா? என்கிட்ட வேணா ஒரு குடம் எடுத்துக்கோ, சோப்ப மட்டும் ரெண்டாக் குடு" என்று ஒருவர் கையை நீட்டினாராம். "உங்க ரத்தத்துல கள்ளுதான் இருக்கும் மாமா, கொசுவே மயங்கி விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்படிச் சிரித்துப் பேசி அனுமதி வாங்குவதில் நேரம் போனது. நேரம் போனது மேலே இருந்தவருக்குப் பிடிக்கவில்லை.

மேலே இருந்தவர் பெயர் லுசுங்கு. படித்தவர், நல்ல துணி உடுத்துகிறவர், வடக்கத்திக்காரர். வடக்கே மாடு கொடுத்துப் பெண் எடுப்பார்கள், பெண் போய் மாமியார் வீட்டில் இருப்பாள், பிள்ளை அப்பன் பிள்ளை. தாய்மாமன் என்பவர் அங்கே விருந்தாளி. எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் அவர் அக்காவைக் கண்டித்தார். நான் உள்ளே களி கிண்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு வீட்டுக்கு எதுக்கு இத்தனை நடை லிகினெட்டி? மாமன்கிட்ட எதுக்குப் போற?"

"பிள்ளைக்கு அவருதான் சார் பொறுப்பு."

"பெத்தவதான் பொறுப்பு. அவ கைரேகை வச்சாப் போதும். பிள்ளைக்கு என்ன சீக்குன்னு ஊர்ல இருக்கிற ஆம்பளைகிட்ட எல்லாம் போய்ச் சொல்றது தப்பு. ரகசியம் காக்கணும்."

"சார், எங்க ஊர்ல மாமனுக்குத் தெரியாம எடுத்தாத்தான் அது ரகசியம். ரகசியமா ரத்தம் எடுக்கிறவங்களுக்கு இங்க என்ன பேருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். இன்னொரு தடவை மாமன் வீட்டு வாசல்ல உன்னைப் பாத்தேன்னு யாராவது சொன்னா, வேற ஆளைப் போட்டுருவேன்."

அவர் 'கதை' என்று சொன்னது ரத்தம் உறிஞ்சிகளின் கதையைத்தான். மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் அந்தப் பேச்சு கிளம்பிவிடும். யாரோ மருந்தடித்து மயக்குகிறார்கள், ரத்தத்தை உறிஞ்சி வெளிநாட்டுக்கு விற்கிறார்கள், பெரிய மனிதர்களுக்கும் அதில் பங்கு உண்டு. சிரிக்காதீர்கள். வெளுத்துப்போய்ச் சாகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஊரில், ரத்தம் எங்கே போகிறது என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள். அந்த வருஷம் பேச்சு முற்றிவிட்டது. பக்கத்து வட்டாரத்தில் வழி கேட்ட வெளியூர்க்காரன் ஒருவனைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். ஆம்புலன்ஸ் ஒன்றைக் கொளுத்தினார்கள். அதற்கப்புறம் எந்த ஓட்டுநரும் எங்கள் மண்பாதையில் வண்டியை இறக்க மாட்டேன் என்றுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபெலிஸ்டாவின் மகன் ஃபிலிமோனியின் முறை வந்தது. ஃபெலிஸ்டா எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பவள், பயந்த சுபாவம். அவள் அண்ணன் மைலோசி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போயிருந்தான். மைலோசியின் கோபம் ஊர் அறிந்தது. ஒரு தடவை தங்கச்சி தன்னைக் கேட்காமல் ஆட்டை விற்றதற்கு, வாங்கினவன் வீட்டுக்குப் போய் அந்த ஆட்டை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டு வந்தவன்.

"உங்க அண்ணன் வரட்டும், கேட்டுட்டு எடுக்கலாம்" என்று அக்கா சொன்னாள். இதை நான் காதால் கேட்டேன், அவள் கூடத்தான் நின்றேன்.

"அண்ணன் வர மாசமாகும்க்கா. துவைக்க ஒரு துண்டு சோப்பு இல்ல. பிள்ளைக்கு உடம்பு வேற சுடுது. நான் பெத்தவதானே, நான் குடுக்கிறேன், எடுங்க" என்று ஃபெலிஸ்டா கட்டை விரலை மையில் வைத்தாள்.

எடுத்தாள். கிருமி இருந்தது. மருந்து கொடுத்தாள். பையன் தேறி, முற்றத்தில் டயரை உருட்டிக்கொண்டு ஓடினான். பிறகு மறுபடியும் விழுந்தான். உள்ளங்கையும் நாக்கும் காகிதம் மாதிரி வெளுத்துவிட்டன. ரத்தம் ஏற்ற வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அக்கா கத்தினாள். ஆம்புலன்ஸ் வர மாட்டேன் என்றது. சைக்கிள் டாக்சியில் தாய் மடியில் உட்கார்ந்துகொண்டே பிள்ளை செத்துப்போனான்.

சாவுக்குப் போகாதே என்று நான் அக்காவின் காலைப் பிடித்தேன்.

"போகலேன்னா நான்தான் கொன்னேன்னு ஆயிடும்டி" என்றாள். அதுவும் உண்மை. எங்கள் ஊரில் சாவு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், யார் வரவில்லை என்றுதான் பார்ப்பார்கள். வழக்கப்படி ஒரு பாத்திரத்தில் மாவை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

பெண்கள் வீட்டுக்குள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முற்றத்துக்குள் கால் வைத்ததும் பாட்டு தேய்ந்தது. அதே நேரத்தில் குழி வெட்டுகிற இளவட்டங்கள் சாப்பாட்டுக்கு இடுகாட்டிலிருந்து திரும்பி வந்தார்கள், உடம்பெல்லாம் சிவப்பு மண், தோளில் மண்வெட்டி. சாவு முடிகிறவரை எங்கள் ஊரில் குழி வெட்டுகிறவர்கள்தான் ராஜா. அவர்கள் கோழியைப் பிடித்தாலும் யாரும் கேட்க முடியாது, ஆளைப் பிடித்தாலும் கேட்க முடியாது. அவர்களுக்கு நடுவில் மைலோசி. தோட்டத்திலிருந்து ஓடிவந்த அதே கிழிந்த ரப்பர் பூட்ஸோடு நின்றான்.

"என் பிள்ளை ரத்தத்தை எடுத்தது யாரு?" என்று கேட்டான்.

"நான்தான் மைலோசி" என்றாள் அக்கா. மாவுப் பாத்திரம் இன்னும் தலையில் இருந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"உன் தங்கச்சியக் கேட்டு."

அவன் வாசலைப் பார்த்துத் திரும்பினான். "ஃபெலிஸ்டா! வெளிய வா. நீயா குடுத்தே?"

ஃபெலிஸ்டா வாசல்படியில் வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை எஸ்னாத்தி. அவள் அக்காவைப் பார்த்தாள், அண்ணன் கையைப் பார்த்தாள், அந்தக் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுண்ணா. நான் அடிபம்புக்குத் தண்ணிக்குப் போயிருந்தேன். பிள்ளை தூங்கிட்டு இருந்தான்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் என் அக்காவுக்கு விழுந்த முதல் அடி. மற்றதெல்லாம் பின்னால் வந்தது.

பாத்திரம் பறந்தது. மாவு புகை மாதிரி எழுந்து எல்லார் முகத்திலும் அப்பியது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அக்கா கீழே கிடந்தாள். ஒருவன் வயிற்றில் மிதித்தான், ஒருவன் செங்கல்லைத் தூக்கி முதுகில் போட்டான். எனக்குச் சித்தி முறையாகும் ஒருத்தி, போன மாதம் என்னிடம் உப்பு இரவல் வாங்கியவள், அக்காவின் இடுப்புத் துணியை உருவி எறிந்தாள். மைலோசி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் தலையைக் குறிவைத்து அடித்தான். அக்கா இடது கையால் தலையை மூடிக்கொண்டாள். விரல்கள் முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. சுள்ளி ஒடிப்பது போலத்தான் கேட்டது. அவன் நிறுத்தவில்லை, அதே கையின் மேல் மறுபடியும் மறுபடியும் அடித்தான்.

"குழியை அகலமா வெட்டுங்கடா, ரெண்டு பேரு!" என்று ஒருவன் கத்தினான். "பெட்ரோல் கொண்டாங்கடா" என்றது இன்னொரு குரல்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எதிரில் கிடைத்தவன் முதுகில் ஏறி, அவன் காதைக் கடித்தேன். வாயில் ரத்தமும் சதையும் வரும்வரை கடித்தேன். ரத்தம் குடிக்கிறவள் வீட்டில் இன்னொருத்தி என்று கூச்சல் போட்டார்கள். ஆமாடா, இந்த வீட்டில் நான்தான் குடிக்கிறவள் என்று கத்தினேன். அவன் இப்போதும் என்னிடம்தான் கருவாடு வாங்குகிறான். பேரம் பேசும்போது அரைக்காதைத் தடவிக்கொள்வான். விலையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் அண்ணன் ஹரிசன் வந்தான். அவனைப் பற்றி அதுவரை நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோயில் பாட்டுக் குழுவில் பாடுவான், பெண்டாட்டிக்குப் பயந்து அவள் ஊரிலேயே கிடப்பான், சேவல் கூவினால்கூடத் தள்ளி நிற்பான். மாமா செத்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பொறுப்பாளி அவன்தான், ஆனால் எந்தப் பொறுப்பையும் அவன் எடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தவன், கூட்டத்துக்குள் தலையை நுழைத்து, அக்காவுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டான். கால்சட்டை நனைந்திருந்தது, அதையும் பார்த்தேன்.

"மைலோசி," என்றான். "உனக்கு என்ன கோபம்?"

"தள்ளுடா."

"தள்ளுறேன். என்ன கோபம், சொல்லு."

"என் பிள்ளைய என்னைக் கேக்காமத் தொட்டா! தாய்மாமன் உயிரோட இருக்கும்போது கேக்காமத் தொட்டா!"

"நியாயம்," என்றான் அண்ணன். "இவளுக்கு யாரு பொறுப்பு?"

மைலோசி மூச்சு வாங்கினான்.

"நான்தான் பொறுப்பு. இவளைத் தொடுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா? எந்த வழக்கத்துக்காகக் கையில இதை எடுத்தியோ, அதே வழக்கத்தத்தான் நானும் கேக்கிறேன். கேட்டியாடா?"

முற்றம் அப்படியே நின்றது. கல்லைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான். வழக்கத்துக்காக ஆளைக் கொல்ல வந்தவர்களால் வழக்கத்தை மீற முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, காறித் துப்பவும் தோன்றுகிறது. அதுவரை பலாமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஊர்த்தலைவருக்கு அப்போதுதான் குரல் வந்தது. முன்னால் வந்து தீர்ப்புச் சொன்னார்: லிகினெட்டியை ஹரிசன் தன் பொறுப்பில் கொண்டுபோகலாம். ஆனால் குற்றம் நீங்கவில்லை. ரத்தத்தைக் கொடுத்தது நான்தான் என்று பிள்ளையைப் பெற்றவள் வாயால் சொல்லும்வரை லிகினெட்டி இந்த ஊரில் யார் பிள்ளையையும் தொடக் கூடாது. தொட்டால் அண்ணன் வந்தாலும் தடுக்க முடியாது.

எல்லோரும் ஃபெலிஸ்டாவைப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அண்ணன் அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஆஸ்பத்திரியில் வைத்துத் தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள். இடது கை விரல்கள் நேராகவே நின்றுவிட்டன, மடங்கவில்லை. போலீஸ் வந்தது, கண்ணீர்ப் புகை வீசியது, சாவு வீட்டுப் பக்கமே வராத மூன்று பேரைப் பிடித்து எலும்பை முறித்து அனுப்பியது. அடித்தவர்கள் மலைக்காட்டில் இரண்டு வாரம் பழம் தின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

லுசுங்கு ரொட்டியும் ஆரஞ்சு ரசமும் வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். அழுதார். ஆராய்ச்சியை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ஆராய்ச்சியில் இருக்கும் வீட்டுச் சாவுக்குப் பணியாளர் போகக் கூடாது என்று விதி இருந்ததாம், அதனால் வேலையில் பட்ட அடி என்று இதை எழுத முடியாதாம். நான் ரொட்டியை எடுத்து அவர் மடியில் திருப்பி வைத்தேன். அக்கா அதை வாங்கித் தின்றாள். "ரொட்டி என்னடி பண்ணுச்சு?" என்றாள்.

உடம்பு தேறியது. பேர் தேறவில்லை. அடிபம்பில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்துவார்கள். கோயிலில் அவள் பெஞ்சு காலியாகவே இருக்கும். பிள்ளைகள் அவளைக் கண்டதும் விரல்களை அக்குளில் ஒளித்துக்கொண்டு ஓடுவார்கள், அதுதான் அவளை உள்ளே கொன்றது. சுகாதார நிலையத்து நர்ஸ் மட்டும் நம்பிக்கையோடு காய்ச்சல் கிருமி பார்க்கும் பட்டைகளையும் மருந்தையும் ஒரு பெட்டியில் கொடுத்து வைத்திருந்தாள். வண்டி வராத ஊருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் பெட்டியை ஒருவரும் திறக்க விடவில்லை.

"வேற ஊருக்குப் போயிடலாம்க்கா" என்றேன்.

"இது நம்ம அம்மா மண்ணு. எனக்கு மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் வேணாம். அவ வாயால ஒரு வார்த்தை வேணும். அதுவரைக்கும் இங்கதான் கிடப்பேன்."

அடுத்த மழைக்காலத்தில், நடுப்பகலில், கொட்டுகிற மழையில் மைலோசி எங்கள் வாசலில் வந்து நின்றான். கையில் எஸ்னாத்தி. குழந்தையின் கண் மேலே சொருகியிருந்தது, உதடு வெடித்திருந்தது. பின்னால் ஃபெலிஸ்டா. அதற்கும் பின்னால் வேடிக்கை பார்க்க அரைத் தெரு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உலக்கை எங்கே என்று தேடினேன்.

"பாரு," என்றான் மைலோசி. பெயர் சொல்லக்கூட வாய் வரவில்லை. "நான்தான் தாய்மாமன். நான் சொல்றேன். எடு."

அக்கா பெட்டியை எடுத்து வந்து திண்ணையில் வைத்தாள். திறக்கவில்லை.

"நீ சொல்லி எனக்கு ஆகப்போறது இல்ல. அவ சொல்லணும்."

"நான்தானே..."

"அன்னைக்கும் நீதான் கேட்டே. அவதான் பதில் சொன்னா. இன்னைக்கும் அவதான் சொல்லணும். இந்தப் பிள்ளைய யாரு குடுக்கிறா, அந்தப் பிள்ளைய யாரு குடுத்தா, ரெண்டும் சொல்லணும்."

எனக்கே தாங்கவில்லை. குழந்தையின் கால் வெட்டி வெட்டி இழுத்தது. "அக்கா, பிள்ளை போயிடும்! முதல்ல ஊசியக் குத்து!" என்று கத்தினேன்.

அவள் என் பக்கம் திரும்பிய முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இது என் மடியில போச்சுன்னா? இன்னொரு தடவை என்னை அடிப்பாங்கடி. இந்தத் தடவை முடிச்சிருவாங்க. உனக்கு எத்தனை காது கடிக்க முடியும்?"

மழை கொட்டியது. ஃபெலிஸ்டா நனைந்த கோழி மாதிரி நடுங்கினாள். அண்ணனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், மழைச் சத்தத்துக்கு மேலே குரலை எடுத்தாள்.

"நான் குடுக்கிறேன்! அன்னைக்கும் நான்தான் குடுத்தேன்! அண்ணன் வரட்டும்னு அக்கா சொன்னாங்க, நான்தான் கேக்கல. விரல் வச்சது நான். தண்ணிக்குப் போகல நான். பயத்துல பொய் சொன்னேன்!"

மைலோசி குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு அவளை அறைந்தான். அவள் சேற்றில் விழுந்தாள். மறுபடியும் கை ஓங்கினான். அக்கா எழுந்து அவன் நெஞ்சில் இடித்தாள். விரல் மடங்காத அந்தக் கையாலேயே இடித்தாள். வலி அவள் முகத்தில் ஓடியதைப் பார்த்தேன்.

"என் வாசல்ல இல்ல," என்றாள். "அந்தக் கைக்கு வேற வேலை வச்சிருக்கேன். உக்காரு."

எஸ்னாத்தி பிழைத்துக்கொண்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கண் அந்தக் குழந்தையின் முகத்திலேயே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அவனை.

அவன் உட்கார்ந்தான். அக்கா பெட்டியைத் திறந்தாள், வலது கையில் ஊசியை எடுத்தாள். இடது கையால் குழந்தையின் விரலைப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை, விரல் வழுக்கி வழுக்கிப் போனது. நேராக நின்ற தன் விரல்களை அவன் முகத்துக்கு எதிரே ஒரு கணம் காட்டினாள்.

"எனக்குப் பிடிக்க வராது. நீ பிடி."

அவன் குழந்தையின் சின்ன விரலைப் பிடித்தான். மண்வெட்டி பிடித்த அதே கைதான்.

"ஆடாமப் பிடி."

பிடித்தான். ஊசி நெருங்கியதும் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அக்கா குத்தவில்லை, காத்திருந்தாள்.

"கண்ணைத் திற மைலோசி. எவ்வளவு எடுக்கிறேன்னு பாரு."